சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்கு முகம் சுருங்கும். காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வகை மனிதர் இருக்கிறார். அவருக்கு முகம் மலர்ந்துவிடும். "முக்கால் பணம்தானா? எனக்கு ஒன்றரைப் பணம் ஆச்சே!" என்பார். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் தெருவுக்கு ஒருவராவது தேறும் இவரைச் சுமைகூலியார் என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபதுக்கு மேல். வங்கியிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்த்து ஓய்ந்தவர். பூர்விக வீட்டில் எட்டில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கில் கால் வைக்க இடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். பழைய சாமான் என்றால் உயிர். ஆனால் பழைய சாமானுக்குப் பேர்போன முனீஸ்வரன் கோயில் தெருவில் அவரைப் பார்க்க முடியாது. கதவு, தூண், மங்குச் சட்டி, மரவை, ரவிவர்மா படம், ஓடாத சுவர்க்கடிகாரம் எல்லாம் அங்கே பத்து நிமிட நடையில் கிடைக்கின்றன. அதுதான் குறை. அதே மங்குச் சட்டி பினாங்கில் ஒரு பழைய கடையில் இருக்கிறது என்று தெரிந்தால், விலையைக் கேட்பதற்கு முன் எந்த வழியாகக் கொண்டுவரலாம் என்று கேட்பார். ஊர் இவரைப் பழசுப் பைத்தியம் என்கிறது. வைத்தியம் தெரியாதவர்கள் சொல்லும் நோயின் பெயர் அது. பழசு இவருக்கு ஒரு சாக்கு. காசு கொடுத்து இவர் வாங்குவது, சாமானைக் கொண்டுவந்து சேர்க்கும் பாட்டைத்தான்.

இந்த வகையில் முற்றியவர் கடைசியில் படகில்தான் வந்து நிற்பார். தூணுக்கு லாரி வேண்டும், பெட்டகத்துக்கு எட்டு ஆள் வேண்டும். படகு ஒன்றுதான் சாமானும் அதுவே, வண்டியும் அதுவே. கொச்சியில் யாரோ பல வருஷம் ஓட்டி அலுத்த மோட்டார் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கும் அறை, ஒற்றை அடுப்பு, குனிந்தால்தான் நுழைய முடிகிற கக்கூஸ். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, ஏராக் கட்டையில் பழுது உண்டா, அடிப்பலகையை உப்பு தின்றிருக்கிறதா என்பதெல்லாம் படகு வாங்குகிறவன் கேட்கிற கேள்விகள். சுமைகூலியார் கேட்பதில்லை. அவர் பட்டாலையில் வரைபடத்தை விரித்துவிடுவார். ஆனி ஆடியில் குமரிமுனையைச் சுற்ற முடியாது. ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் புயல். ஆகவே தை பிறந்தால்தான் வழி பிறக்கும். கொல்லம், விழிஞ்ஞம், கன்னியாகுமரி, தூத்துக்குடி, பாம்பன், தொண்டி என்று திருப்பதி யாத்திரைக்கு ஊர் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே வருவார். பாம்பனில் மட்டும் விரல் கொஞ்ச நேரம் நிற்கும். 1914 முதல் கப்பலுக்கு வழிவிட்டுக் கைவிரித்த பழைய ரயில் பாலம் ஓய்ந்து, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாயிற்று. நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே எழும்பும். தன் ஒருவருக்காக ரயில் பாதை எழுந்து நிற்கிற காட்சியை அவர் பல தடவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று. "நீங்க வாங்குற அளவுப் படகு பாலத்தத் தூக்காமலே அடியில நுழைஞ்சிடுமே அண்ணே" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. மறுநாள், படகின் மேல் உயரமாக ஒரு கம்பம் நட முடியுமா என்று விசாரிப்பார்.

தொண்டியோடு கடல் முடிந்துவிடுகிறது. அவருக்கு அது வருத்தம். செட்டிநாட்டில் தேனாறும் மணிமுத்தாறும் பாம்பாறும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் முழங்கால் நனைய வேண்டுமென்றால் நல்ல மழை வருஷமாகப் பார்க்க வேண்டும். ஆகவே திருவாடானை, தேவகோட்டை வழியாக லாரிதான். இந்தக் கடைசிப் பாட்டையும் அவர் வீணாக்கமாட்டார். லாரிமேல் ஏற்றிய படகின் கூரையில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். கையில் நுனியில் கவட்டை கட்டிய மூங்கில் கழி. குறுக்கே கேபிள் ஒயர் வந்தால் கழியால் தூக்கிப் பிடிப்பான், லாரி ஊர்ந்து நழுவும், கழியை மெல்ல இறக்குவான், அடுத்த ஒயர். பெரிய கரண்டு கம்பி என்றால் கழி போதாது. மின்வாரியத்துக்கு மனு, லைனை நிறுத்த ஓர் ஆள், அவருக்கு டீ, டீ குடிக்கும்வரை இருபுறமும் நிற்கிற பஸ்களின் ஹாரன். கடைசியில் படகு எங்கே மிதக்கும் என்று கேட்கக் கூடாது. ஊருணியில் காலைக் கழுவினாலே கேள்வி கேட்கிற ஊர் அது. பின்கட்டில் நான்கு மரக்கட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு முதல் ஆட்சேபம் கணக்குப் பிள்ளைகளிடமிருந்து வரும். சிட்டையும் பேரேடும் ஐந்தொகையுமாக வாழ்ந்த நகரத்தார் ஊரில் இப்படி ஒருவர் முளைக்க முடியுமா? சுமைகூலியில் காலணா கூடினால் தூக்கம் வராத பரம்பரை அல்லவா? அந்தப் பரம்பரை கட்டிய வீடுகளையே சாட்சிக்கு அழைக்கலாம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் கடலை விட்டு விலகி, வறண்ட பூமியாகப் பார்த்துக் குடியேறினோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. வீட்டை உயரமான மேடையில் கட்டியதற்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். அப்படிக் கடலுக்குப் பயந்து உள்ளே வந்தவர்கள், கடல் வழியாக வரக்கூடியதை எல்லாம் வரவழைத்தார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்து இரும்பு, ஜப்பான் பூக்கல், ஸ்வீடன் மங்குச் சாமான். ஆத்தங்குடிக் கல் மட்டும் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. பாவம், அதற்குச் சொல்லிக்கொள்ளப் பயணக் கதை இல்லை.

தேக்குக்கு இருக்கிறது. கப்பலிலிருந்து கட்டைகளைக் கடலில் உருட்டிவிட, அலை அவற்றைக் கரையில் ஒதுக்கியது என்று வீடு சுற்றிக் காட்டுகிறவர்கள் சொல்வார்கள். பாதி நம்பலாம். பச்சைத் தேக்கு தண்ணீரில் அமிழும். அதனால் பர்மாக் காடுகளில் அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிட்டுப் பிறகுதான் சாய்ப்பார்கள். யானை அதை ஓடையில் தள்ளும். மழை வெள்ளம் பெரிய ஆற்றுக்குக் கொண்டுபோகும். ஐராவதியில் தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரை மிதக்கவிடுவார்கள். ஆக, மிதந்தது மெய். கரை ஒதுங்கியதுதான் ஐயம். அலை எந்தக் கரையில் தூக்கிப்போடுமோ என்று கட்டையைக் கடலில் விட்டுவிட்டு வாசக்கால் வைக்க நாள் பார்த்த செட்டியார் அந்தக் காலத்தில் இருந்திருக்கமாட்டார். ஆனால் கவனியுங்கள்: அந்தத் தூண் என்ன விலை என்று அந்த வீட்டில் யாருக்கும் இன்று தெரியாது. வந்த வழி மட்டும் தலைமுறை தலைமுறையாக வாயில் நிற்கிறது. கணக்குப் பார்த்த பரம்பரைதான். எதைக் கணக்கில் வைத்து எதைக் கதையில் வைத்தது என்பதுதான் விஷயம்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. அந்தக் காலத்தில் தண்ணீர் வழிதானே மலிவு? கொண்டுவிற்கப் போனவர்கள் எப்படியும் கப்பலில் திரும்பத்தானே வேண்டும்? மரம் பர்மாவில் இருந்தால் மரத்தோடு வருவார்கள், இதில் என்ன பைத்தியம்? ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். முப்பாட்டனாருக்கு அது சிக்கனம். பேரனுக்கு ருசியாகிவிட்டது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கப்பல் கிடைக்காதவர்கள் மலையும் காடும் கடந்து கால்நடையாகவே திரும்பினார்கள். பின்னால் சுதந்திர பர்மா நிலங்களையும் எடுத்துக்கொண்டது. கொண்டுவர ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு, கொண்டுவருகிற பழக்கம் மட்டும் குடும்பத்தில் பங்கு பிரிக்காத சொத்தாக நின்றுவிட்டது. இந்த இடத்தில் சிலர் வ.உ.சி.யை இழுப்பார்கள், அவரும் வெளியூரிலிருந்து கப்பல் கொண்டுவந்தவர்தானே என்று. கூடாது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கப்பலில்லாமல் திரும்பமாட்டேன் என்று சபதம் செய்து பம்பாய் போய், 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கு வரவழைத்தவர் அவர். வெள்ளைக்காரன் கம்பெனியோடு மோத அவருக்குக் கப்பல் வேண்டியிருந்தது. சுமைகூலியாருக்குப் படகு வேண்டியதில்லை. வேண்டியிருந்தால் வாங்கமாட்டார்.

அப்படி வேண்டாத இடத்துக்கு வாங்கிப் போனவருக்கு உதாரணம் கேட்டால் அமெரிக்காவைத்தான் காட்ட வேண்டும். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்பவர் 32 அடிப் பாய்மரப் படகில் 1928 முதல் 1931 வரை உலகத்தைச் சுற்றிவந்தவர். அந்த மனிதர், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை மேஸ்திரிமார் வேப்பமரத்தில் கட்டிய, இரட்டைப் பாய்மரம் உடைய 'அன்னபூரணி அம்மாள்' கப்பலைப் பார்த்தார். ஏறக்குறைய 90 அடி நீளம். சரக்கேற்றி ஓடிக்கொண்டிருந்த கப்பல். விலை பேசி வாங்கிவிட்டார். கொண்டுபோன ஊர் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர். மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்குப் பெயர்போன துறைமுகம் அது. பக்கத்து எஸ்ஸெக்ஸில் கப்பல் கட்டுவதே குடும்பத் தொழில். கொல்லன் தெருவுக்கு ஊசி வாங்கிப் போகிற காரியம். 1937-இல் கிளம்பிய கப்பல் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் எல்லாம் தாண்டி 1938 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஊர் சேர்ந்தது. வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐந்து பேர் அதில் போனார்கள். இடையில் அன்னபூரணி அம்மாள் என்ற பெயர் போய், ராபின்சனின் மனைவி பெயரால் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆகியிருந்தது. நம் ஊர்ச் சுமைகூலியார்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய தந்திரம் இது. கப்பல் இன்று இல்லை. அது போன வழியை வல்வெட்டித்துறையில் இன்றும் சொல்கிறார்கள். குளோஸ்டரிலேயே கட்டிய ஒரு கப்பலை ராபின்சன் வாங்கியிருந்தால் அவரைப் பற்றி இங்கே ஒரு வரி எழுத நேர்ந்திருக்காது.

எல்லா ஆட்சேபத்திலும் கூர்மையானது வீட்டு ஆச்சியுடையது. செலவு நோட்டை அவர்தான் திறந்து பார்ப்பார். படகு விலை ஒரே வரியில் இருக்கும். அதற்குக் கீழே டீசல், பாம்பனில் காத்திருப்பு, ஐஸ், பரோட்டா, கிரேன் வாடகை, கயிறு, மறுபடி கயிறு என்று மூன்று பக்கம். "ஏங்க, இந்தக் காசுக்கு அங்கனயே போயி அந்தப் படகுல பத்து நாள் இருந்துட்டு வந்திருக்கலாம்ல? படகும் அங்கனயே கெடக்கும், பின்கட்டும் மிச்சம்" என்பார். நியாயமான வாதம். பயணம்தான் வேண்டும் என்றால் வாடகைக்கு எடுக்கலாமே? இங்கேதான் என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுமைகூலியாருக்கு வழி மட்டும் போதாது. வழியின் கடைசியில் சொந்த வாசல் இருக்க வேண்டும், வாசலில் நாலு பங்காளிகள் நிற்க வேண்டும். கல்யாணத்தில் சாமான் பரப்பி உறவைக் கூட்டிக் காட்டிய மரபில் வந்தவர். வாடகைப் படகில் போய்த் திரும்பினால் வெறுங்கையோடு பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். யார் என்ன கேட்பார்கள்? பின்கட்டில் படகு கிடந்தால் பேரன் பேத்தி முதல் கேஸ் சிலிண்டர் போடவருகிறவர் வரை "இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டே தீருவார்கள். அந்தக் கேள்விக்குத்தான் அவ்வளவு செலவும். ஆச்சிக்கும் இது தெரியும். தெரிந்தும் கேட்பது, கயிறு இரண்டு தடவை எழுதியிருப்பதால்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பங்கு அதிகமாகி, பராமரிக்க ஆளில்லாமல், செட்டிநாட்டு வீடுகளைக் கழற்றி விற்பது பல காலமாக நடக்கிறது. கதவும் தூணும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகின்றன. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே இங்கிருந்து கழற்றிக் கொண்டுபோய் எழுப்பியிருக்கிறார்கள். பழசின் மேல் பற்றுள்ளவர் இதைக் கேட்டால் நெஞ்சு கனத்துப் போவார். சுமைகூலியாரிடம் சொல்லிப் பாருங்கள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். "முழு வீடா? தூணுக்குத் தூண் நம்பர் போட்டாங்களா? எத்தனை லாரி?" என்பார்.

இப்படிப்பட்டவர் ஒருவர் உங்களுக்குச் சொந்தக்காரராக இருந்தால், படகு என்ன விலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாம்பனில் எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். அதையும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தபின் கேட்பது நல்லது. மதுரைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.