எட்டுக்காலிக்கு ஊட்டி விடுத அப்பிக்கு

அப்பீ, இங்ஙன வந்து இரி. எட்டுக்காலிக்குக் கையில வச்சுத் தீனி ஊட்டுதியாமே? பாறசாலையில இருந்து களியக்காவிளைச் சந்தை வரை இதுதான் பேச்சு. ஒரு வாய் கஞ்சி குடிக்க உனக்க அம்மை தொண்டை கிழிய விளிக்கணும், நீ போனை விட்டுத் தலை தூக்க மாட்டே. நீ குட்டியம்மா எண்ணு விளிக்குத அதுக்கு மட்டும் நேரம் தவறாம கரப்பான் பிடிச்சு வாயில வச்சுக் குடுக்குதே. கொள்ளாம். பெத்தவளுக்குச் செய்யாத சேவகத்தை எட்டுக்காலிக்காவது செய்யுதியே.

நான் வேண்டாமுண்ணு சொல்ல வரல்ல. வேண்டாமுண்ணா நீ ரெண்டு மடங்கா செய்வே. உனக்க அப்பனுக்கும் இதே குணம்தான். அதனால எங்ஙன செய்யணுமுண்ணு சொல்லித் தாறேன், கேட்டுக்கோ.

முதல்ல, அதுக்கு உன்னைத் தெரியும் எண்ணு சொல்லுதியே, அதைக் கண்ணை மூடி நம்பு. நம்பினாத்தான் கை நீட்டத் தைரியம் வரும். உள்ளதைச் சொன்னா அதுக்குக் கண்ணு எட்டு. எட்டும் சேந்தும் பார்வை பெரிசா ஒண்ணும் கிடையாது. காலு நிறைய நிக்குத முடிதான் அதுக்குக் கண்ணும் காதும். தரையில ஒரு அதிர்வு வந்தா, சின்னதுண்ணா தீனி, பெரிசுண்ணா சத்துரு. இதுக்கு மேல அது ஒரு சாஸ்திரமும் படிக்கல்ல. நீ கரப்பானுக்கக் காலைப் பிடிச்சுத் தொங்கப் போடும்போ கரப்பான் துடிக்கு, பயத்துல உனக்க விரலும் கூடச் சேந்து விறைக்கு. இதுல கரப்பான் எது, அப்பிக்க விரல் எது எண்ணு விசாரிச்சிட்டா அது சாடும்? அதுக்க பல்லு ரெண்டும் மேல இருந்து நேர் கீழ இறங்குத மாதிரி ஆக்கும் அமைஞ்சிருக்கு. முன்னுடம்பைத் தூக்கும், ஒரே குத்து. சாடினதே நீ காணமாட்டே.

“இத்தனை தடவை குடுத்தேன் பாட்டா, ஒண்ணும் செய்யல்லியே” எண்ணு சொல்லுவே. செரிதான். நம்ம வாவா சுரேஷ் ஆயிரக்கணக்குல பாம்பு பிடிச்ச மனுஷன். 2022 ஜனவரியில கோட்டயம் பக்கத்துல ஒரு மூர்க்கன் கடிச்சு, வென்டிலேட்டர்ல போட்டுத்தான் உயிரை மீட்டாவ. கடிச்ச மூர்க்கன் அவருக்க பழைய கணக்கை ஒண்ணும் புரட்டிப் பாக்கல்ல.

சிலபேரு கையை விட்டிட்டு இரும்பு இடுக்கியால ஊட்டுவாவ. அதுவும் விசேஷம்தான். எட்டுக்காலி கரப்பானை விட்டிட்டு இடுக்கியைக் கடிச்சா பல்லு ஒடியும். பல்லு போனா அது தின்ன முடியாது. அடுத்த தோலுரிப்புலதான் புதுசு வரும். என்னைப் போல பொய்ப்பல்லு கெட்டிக்கிட அதுக்கு வகையில்ல.

இனி அடுத்த பாடம். முகத்தை நல்லாப் பக்கத்துல கொண்டு போ. வீடியோவுக்கு அதுதான் அழகு. உனக்கக் குட்டியம்மா மெக்சிகோக்காரி இல்லியா, முட்டுல செவப்புள்ளவ? அமெரிக்கக் கண்டத்துப் பெரிய எட்டுக்காலி மிக்கதுக்கும் வயித்துக்கு மேல ஒரு சாதி முடி உண்டு. பின்னங்காலால வயித்தை உரசும்போ, பாவம், சொறிச்சல் போல எண்ணு நீ கொஞ்சப் போவே. அது சொறியல்ல மக்கா, முடியைப் பறத்தி விடுது. ஒவ்வொண்ணும் கண்ணுல படாத பொடி, அதுல கொக்கி கொக்கியா முள்ளு. பள்ளிக்கூடத்துப் பயலுவ வாத்தியாருக்க நாற்காலியில நாய்க்குரணைப் பொடி தூவுவானுவளே, அந்த வகைச் சங்கதி ஆக்கும். தோலுல பட்டா சொறிஞ்சு சொறிஞ்சு நாலு நாளு தூக்கம் போகும். மூச்சுல போனா தும்மலும் இருமலும். கண்ணுல போனாத்தான் கதையே.

அதுக்க வயித்துல வழுக்கை விழுந்திருக்கு எண்ணு காட்டி, எனக்க தலையையும் பாத்து, “பாட்டா மாதிரி” எண்ணு சிரிச்சியே. எனக்கது வயசுல போனது. அதுக்கது உன்னைக் கண்டு உதிர்த்தது.

கண்ணுக் கதை சொல்லுதேன். 2009-ல இங்கிலாந்துல லீட்ஸ் எண்ணு ஒரு ஊரு. அங்க ஒரு இளந்தாரி சிலி நாட்டு ரோஸ் எட்டுக்காலி வளத்தான். கண்ணாடிப் பெட்டியைக் கழுவிக்கிட்டு இருந்தவன், பின்னால என்னமோ அனங்குதே எண்ணு திரும்பினான். முகத்துல மூடாப்பு போல முடி வந்து விழுந்தது. அவன் அதை அவ்வளவு காரியமா எடுக்கல்ல. மூணு வாரம் கண்ணு செவந்து, தண்ணி ஒழுகி, வெளிச்சத்தைப் பாக்க முடியாம நடந்தான். செங்கண்ணுக்குள்ள மருந்து விட்டுப் பாத்தாவ, கேக்கல்ல. பெறகு பெரிய லென்சு வச்சுப் பாக்கும்போதான் கண்ணுக்க முன்படலத்துல முடி குத்திக்கிட்டு நிக்கது தெரிஞ்சது. அறுவைக்காரங்க வச்சிருக்க மிகச் சின்னச் சிமிட்டாவாலயும் பிடிச்சு எடுக்க முடியாத அளவு பொடி. ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டுத்தான் அடக்கினாவ. லான்செட் எண்ணு உலகத்து டாக்டர்மாரு வாசிக்குத பத்திரிகையில இந்தக் கதை அச்சாகி வந்தது. உனக்கும் பேரு வெளியூருல தெரியணுமுண்ணு ஆசை உண்டே, இதை விடக் குறுக்கு வழி கிடையாது. திருவனந்தபுரம் கண்ணாசுபத்திரிக்கு பஸ்ஸுக்கூலி மட்டும் தனியா மாத்தி வை.

உன்னைப் பத்தியே சொல்லிக்கிட்டு இருந்தா அது கோவிச்சுக்கிடும். அதுக்க பாட்டையும் கொஞ்சம் பாப்போம். நீ அதை உள்ளங்கையில ஏத்தி நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடிக்குதே. கூட்டுகாரன் படமெடுக்கான். அது சட்டுண்ணு ஓடும், உனக்குக் கை கூசும், நீ உதறுவே. அதுக்க வயித்துத் தோலு அத்தனை மெலிசு. நெஞ்சுயரம் வேண்டாம், அதுல பாதி உயரத்துல இருந்து சிமெண்டுத் தரையில விழுந்தாலே பொட்டும். வாறது செவப்பு ரெத்தம் இல்ல, நீலம் கலந்த நீரு. அந்த நீருக்க அழுத்தத்துலதான் அது காலை நீட்டுது; நீட்டுததுக்குத் தனியாச் சதை கிடையாது. நீரு ஒழுகிப் போச்சுண்ணா எட்டுக்காலும் உள்ளோக்கி மடங்கும், பெறகு எழும்பாது. பெண் எட்டுக்காலி இருபது வருஷம் வரை உயிரோட இருக்குத சாதி உண்டு. அதை ரெண்டு நிமிஷப் படத்துக்கு முடிச்சு வைக்க உனக்கு அதிகாரம் தந்தது ஆரு?

இன்னொரு கூத்து. அது தோலுரிக்கும்போ மல்லாந்து கெடக்கும். செத்துப் போச்சுண்ணு நினைச்சு குத்திப் பாக்கவும், விளையில குழி தோண்டிப் புதைக்கவும் போறவங்க உண்டு. அனக்காம விட்டா மணிக்கணக்குல தானே உரிச்சுக்கிட்டு எழும்பும். எழும்பினதும் பல்லு வெளுத்து, பஞ்சுபோல இளசா இருக்கும். கறுத்து உறைக்க நாளு பிடிக்கும். அந்த நேரத்துல நீ பாசத்தோட கரப்பான் போட்டா, கரப்பானாக்கும் எட்டுக்காலியைத் தின்னும். தீனி எடுக்கல்லியே எண்ணு வெப்ராளப்படவும் வேண்டாம். மாசக்கணக்குல பட்டினி கெடந்தாலும் அதுக்கு ஒண்ணும் வராது. ஒரு நேரம் புட்டு தாமசிச்சா வீட்டை ரெண்டாக்குத உன்னைப் போல இல்ல.

மெக்சிகோக்காரியை விட்டு நம்ம ஊருக்காரிக்க சங்கதிக்கு வா. இந்தியாவுலயும் இலங்கையிலயும் உள்ள பெரிய எட்டுக்காலிகளுக்கு அந்தச் சொறிமுடி கிடையாது. ‘அப்போ நல்லதாப் போச்சு’ எண்ணு சிரிக்காதே. முடி இல்லாத குறையைக் கடியில தீர்க்கும். போசிலோதீரியா எண்ணு ஒரு வம்சம். மரப்பொந்துல வாசம், பரந்த உடம்பு, கண்ணு சிமிட்டுததுக்குள்ள மறுபக்கம் போயிரும். ஆந்திராவுல கூட்டி எண்ணு ரயில் ஊருல மரத்தடிக்கு இடையில கிடைச்ச நீல எட்டுக்காலிக்கு 1899-ல போகாக் எண்ணு ஒரு வெள்ளைக்காரன் பேரு வச்சான். பெறகு நூறு வருஷம் அதை ஆரும் காணல்ல. 2001-லதான் நந்தியால் பக்கத்துக் காட்டுல திரும்பக் கண்டாவ. அதே 1899-ல அதே மனுஷன் நம்ம திருவிதாங்கூர்க் காட்டுக்காரிக்கும் ரூஃபிலாட்டா எண்ணு பேரு வச்சிருக்கான். ராமேஸ்வரத்துல அனுமார் கோயில் மரத்துல இருந்த ஒருத்திக்கு 2004-ல அனுமார் பேரே கிடைச்சாச்சு.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில்ல அம்மச்சிப்பிலாவு பாத்திருக்கேல்ல? எட்டு வீட்டுப் பிள்ளமாரு துரத்தினபோ மார்த்தாண்ட வர்மா அந்தப் பொந்துக்குள்ள ஒளிஞ்சு தப்பினாரு எண்ணு பழங்கதை. அண்ணைக்கு உள்ள இந்த வீட்டுக்காரி குடியிருந்தா, ராஜா எட்டு வீட்டுக்காரங்ககிட்டயே திரும்பி ஓடியிருப்பாரு.

இந்த வம்சத்துல ஒருத்தி முன்னங்காலு ரெண்டையும் தூக்கி, அடியில உள்ள மஞ்சளைக் காட்டி நிப்பா. “பாட்டா, கும்பிடுது பாத்தியளா” எண்ணு வீடியோவுல எழுதி விட்டியே, அது கும்பிடு இல்ல அப்பீ. இன்னும் ஒரு விரல்கடை முன்னால வந்தா இறக்குவேன் எண்ணு சொல்லுதா. கடி பட்டா முதல்ல வலியும் வீக்கமும். போகட்டும், தீர்ந்தது எண்ணு நீ தூங்கப் போவே. மணிக்கணக்கு கழிச்சு, கடி பட்டது விரலாயிருக்க, தொடையிலயும் நெஞ்சுலயும் சதை முறுக்கிப் பிடிக்கும். கடி பட்டவங்க கதையை எல்லாம் சேத்து 2014-ல டாக்டர்மாரு எழுதின கட்டுரையில, பாதிக்கு மேல பேருக்கு இந்தப் பிடித்தம் வந்திருக்கு. ஒரு வாரம் கூட நின்னிருக்கு. இதுக்கு மாத்து ஊசி கிடையாது. வலிக்கும் சதைப் பிடித்தத்துக்கும் மருந்து குடுத்துப் படுக்கப் போடுவாவ. செத்துப் போவியா எண்ணா, இல்ல, இந்தக் கடியில மனுஷன் செத்ததா உறுதியான பதிவு இல்ல. ஆனா திண்ணையில படுத்துக் கெடக்குத உனக்க நாயி அப்பிடித் தப்பாது போல. ஆஸ்திரேலியாவுல, அங்கத்த சாதி எட்டுக்காலி கடிச்சதைப் படிச்சவங்க ஏழு நாயிக்க கணக்கு எழுதி வச்சிருக்காவ. ஏழும் செத்தது.

பஷீரு எழுதின எட்டுக்காலி மம்மூஞ்ஞை அறிவியா? ஊருல எது நடந்தாலும் அது தன்னாலதான் எண்ணு நெஞ்சை நிமித்துவான். உனக்க ரீல்ஸ் கண்டா அவனே வாயை மூடிக்கிடுவான்.

கடைசியா சட்டச் சங்கதி. 2020 ஜூலையில சென்னை விமான நிலையக் கஸ்டம்ஸ்காரங்க போலந்துல இருந்து வந்த ஒரு தபால் பெட்டியைப் பிரிச்சாவ. விலாசம் அருப்புக்கோட்டை. உள்ள சின்னச் சின்னக் குப்பி, வெள்ளித்தாளும் பஞ்சும் சுத்தி, ஒவ்வொண்ணுலயும் உயிரோட ஒரு எட்டுக்காலி. மொத்தம் 107. விலங்கியல் ஆய்வுத் துறைக்காரங்க வந்து பாத்தாவ. உனக்கக் குட்டியம்மாவுக்க பிராக்கிபெல்மா வம்சமும் அதுல உண்டு எண்ணு சந்தேகப்பட்டாவ, காட்டுயிர் வியாபாரத்துக்குள்ள சர்வதேச ஒப்பந்தத்துல பேருள்ள வம்சம். வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்பினாவ. மரப்பொந்துக்காரிகளும் 2019-ல இருந்து அதே ஒப்பந்தத்துல உண்டு. 2022-ல திருத்தின வனசீவிச் சட்டம் இந்தப் பட்டியலை எல்லாம் உள்ள சேத்தாச்சு. வச்சிருக்கவங்க பரிவேஷ் எண்ணு சர்க்காரு போர்ட்டல்ல பதியணுமுண்ணு 2024-ல விதியும் வந்தாச்சு. குட்டியம்மாவை டப்பாவுல கூரியர் அனுப்பினவன் உனக்கு பில்லு தந்தானா? இல்லே? கேட்டது தப்பு, விடு.

இனி நையாண்டி இல்ல அப்பீ, காரியம். தீனியைப் பெட்டிக்குள்ள போட்டு மூடியை அடை. தின்னாம கெடந்தா மறுநாளு எடுத்து மாத்து. பெட்டி கழுவும்போ கண்ணுக்குக் கண்ணாடி போடு, கையுறை போடு. முடி கண்ணுல போனா திருமாதே. தண்ணி விட்டுக் கழுவிட்டு அண்ணைக்கே கண்ணு டாக்டரைக் காணு. கடிச்சா சோப்புப் போட்டுக் கழுவு, கயறு கெட்டாதே, கீறாதே, ஆசுபத்திரிக்குப் போ. எந்தச் சாதி கடிச்சதுண்ணு ஒளிக்காம சொல்லு.

பேடி வந்து ராத்திரியோட ராத்திரியா நெய்யாறு அணைப் பக்கத்துக் காட்டுல கொண்டு விட்டிட்டு வந்துராதே. மெக்சிகோக்காரிக்கு நம்ம காடு தெரியாது, நம்ம காட்டுக்கு அவளைத் தெரியாது. பருத்திப்பள்ளி வனத்துறை ரேஞ்சு ஆபீஸ்ல போய் உள்ளதைச் சொல்லு. முதல்ல உள்ள பேப்பரு மட்டும் கொண்டு போனாப் போதும், அவளை பஸ்ஸுல ஏத்தாதே.