காசு கொடுத்து ஹெல்மெட்

தலையில் ஹெல்மெட், இடுப்பில் ஹார்னஸ், வழுக்காத ஷூ, கூடவே மேய்க்க ஒரு ஆள். அவர் சொன்னால்தான் உட்காரலாம், எழலாம். இதற்கு ஒரகடம் தொழிற்பேட்டையில் சம்பளம் தருகிறார்கள். ஐரோப்பாவில் இதற்கே காசு வாங்குகிறார்கள். பெயர் கேன்யனிங்.

எங்கள் பிளான்ட்டில் மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு எஞ்சினியர்தான் கேன்டீனில் இந்த ரகசியத்தை உடைத்தார். ஸ்பெயினில் சியெர்ரா தே குவாரா என்று ஒரு மலை. அங்கே சுண்ணாம்புப் பாறையை ஆறு அறுத்து அறுத்து ஆழமான இடுக்குகள் ஆக்கியிருக்கிறது. கோடை வந்தால் வழிகாட்டியோடு நாள்கணக்கில் அதற்குள் இறங்குவார்களாம். அருவியில் கயிறு பிடித்து இறங்குவது, மடுவில் குதிப்பது, பாறையில் சறுக்குவது. குளிர் தாங்கத் தடித்த ரப்பர் உடை வேறு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த வெல்டிங் ஷாப் அண்ணன் ஒன்றுக்குத்தான் வியந்தார்: "கோடையில தண்ணியா?"

நமக்குக் கோடை என்றால் ஏரிக்குள் மாடு மேயும். வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு'கூடக் காட்டுத்தீக் காலத்தில் கதவைச் சாத்திவிடும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களைப் பலி கொண்ட பிறகு அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆகவே எங்கள் கோடைச் சுற்றுலா டிசம்பர் கடைசிக்குப் போனது. பருவமழை முடிந்து ஓடையில் தண்ணீர் இருக்கும். முக்கியமாக, பிளான்ட் ஷட்டவுனில் இருக்கும்.

இடம் நாகலாபுரம். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திரா. கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரை வைத்த ஊர் என்பார்கள். மலைக்குள் ஓடை, ஓடை நெடுக மடுக்கள். கேன்யனிங்காரர்கள் மேலிருந்து இறங்குவார்கள். இங்கே முதலில் ஏற வேண்டும். இறங்குவது நம் முழங்காலின் கருணை.

வழிகாட்டித் தம்பி, "ஈரப் பாறை வழுக்கும், பாத்து வாங்க" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். எங்கள் சேஃப்டி ஆபீசருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மீட்டர் ஏறினாலே பர்மிட் கேட்கிற மனிதர். ஓடைக்கரையில் எங்களை வரிசையாக நிறுத்தி டூல்பாக்ஸ் டாக் நடத்தினார். "தம்பி, எமர்ஜென்சி அசெம்ப்ளி பாயின்ட் எது?" தம்பி குத்துமதிப்பாக ஒரு பெரிய மரத்தைக் காட்டினார். அங்கே குரங்குகள் ஏற்கெனவே அசெம்பிள் ஆகியிருந்தன.

மடு வந்தது. குவாலிட்டிக்காரர் கழியால் மூன்று இடத்தில் ஆழம் பார்த்து, சராசரி போட்டு, ஓகே சொன்னார். வரிசை நகரவில்லை. "பாட்டில்நெக் எங்கே?" என்று கத்தினார் புரொடக்‌ஷன் மேனேஜர். பாட்டில்நெக் அவர்தான். குதிக்கவும் மாட்டாமல், திரும்பவும் மாட்டாமல், பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் அவராகக் குதிக்கவில்லை. பாசி வழுக்கி உள்ளே போனார். பிளான்ட்டில் இப்படி விழுந்திருந்தால் ஐந்து பேர் ரிப்போர்ட் எழுதியிருப்போம். இங்கே அந்த ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மேனேஜர் தலையைத் தூக்கி, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கொடுத்த காசு எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

ராத்திரி அடிவாரத் தோப்பில் கூடாரம். இரண்டு மணிக்கு, ராத்திரி வேலைக்குப் பழகிய சி ஷிஃப்ட் ஆட்கள் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள். உடம்புக்கு யார் லீவு சாங்ஷன் செய்வது?

மறுநாள் இன்னொரு மடு, இன்னும் கொஞ்சம் சிராய்ப்பு. திரும்பும் வழியில் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷம் உண்ட களைப்பில் அம்பாள் மடியில் தலைவைத்து சிவன் படுத்திருக்கும் கோயில். நொண்டி நொண்டி உள்ளே போன வெல்டிங் ஷாப் அண்ணன், கன்னத்தில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்:

"விஷமே குடிச்சாத்தான் படுக்க விடுவாங்க போல. நமக்கு நாளைக்கு ஏ ஷிஃப்ட்."