ஸ்கேன் அங்கிள்

அடுக்ககச் சங்கத்தில் தலைவர் தூங்குவார், செயலாளர் கத்துவார். காகிதங்களைக் காப்பவர் மூன்றாமவர். பெரும்பாலும் 2001 வாக்கில் வங்கியிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். வரும்போதே ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளைக் கற்றுக்கொண்டு வந்தவர். எக்செல் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், சைவப் பந்தியில் கருவாடு கேட்டதுபோல் முகம் சுளிப்பார்.

தண்ணீர் லாரி ரசீது, லிஃப்ட் பராமரிப்பு பில், மூன்றாம் மாடி மாமி கைப்பட எழுதிய புகார் எல்லாமே ஸ்கேனருக்குள் போகும். 300 டிபிஐ, முழு வண்ணம். கறுப்பு மையில் அடித்த ரசீதுக்கு எதற்கு சார் வண்ணம்?

"ரப்பர் ஸ்டாம்ப் ஊதாக் கலர் இல்லியா?"

மேலே பேச வழியில்லை. இப்படி எடுத்த ஏ4 தாள் ஒன்று பிஎம்பி கோப்பாக 25 எம்பி வரும். அதை அப்படியே ஓஎல்இ ஆப்ஜெக்ட் கட்டத்தில் ஏற்றுவார். ஜேபெக்காக மாற்றிக் கொடுத்தாலும் அந்த மென்பொருள் சும்மா இராது. திரையில் காட்டவென்று ஒரு பிட்மேப் பிரதியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். மொத்தக் கோப்புக்கு 2 ஜிபிதான் வரம்பு. எண்பது ரசீதில் கதை முடிந்துவிடும்.

இரண்டாம் மாடி ஐடி பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "படத்தையெல்லாம் ஃபோல்டர்ல வச்சுட்டு, டேபிள்ல அது இருக்கிற இடத்தை மட்டும் எழுதினாப் போதும் அங்கிள்."

"எவனாவது ஃபோல்டர் பேரை மாத்திட்டா?"

நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்ள வேண்டும். 2007 பதிப்பில் அட்டாச்மென்ட் என்று தனி வசதியே வந்துவிட்டதே என்றால், புதுசை நம்பமாட்டார். தினமும் விளக்கேற்றியதும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' பொத்தானை அமுக்குவார். அழித்தவற்றின் காலி இடத்தை அது மீட்டுத் தரும். இவர்தான் எதையும் அழிப்பதில்லையே! ஆகவே மாதத்துக்கொரு புதுக் கோப்பு.

பொதுக்குழுவில் ஒருவர் போன வருஷ லிஃப்ட் பில்லைக் கேட்டார். அங்கிள் முகம் மலர்ந்தது. மடிக்கணினி வந்தது, ஃபார்ம் திறந்தது. பில் இருக்கவேண்டிய இடத்தில் 'பேக்கேஜ்' என்று ஒரு குட்டிச் சின்னம். ஏற்றியபோதே அந்தப் படத்துக்கான மென்பொருள் பழைய கணினியில் இல்லை; இதிலும் இல்லை.

அதற்குள் அவர் மனைவி மாடிக்குப் போய், பரணிலிருந்த பழைய ஃபைலை எடுத்துவந்து பில்லை நீட்டிவிட்டார். அங்கிள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அதான் பார்த்தேன். இதை 600-ல எடுத்திருக்கணும்."