மொடக்குறிச்சியின் ஓட்டுப் புத்தகம்

இன்று ஓட்டுப்போடுவது எளிது. இடது ஆட்காட்டி விரலில் மை, ஒரு பட்டன், ஒரு 'பீப்'. யாருக்குப் போட்டோம் என்ற சீட்டு 7 விநாடி தெரியும். தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பெட்டிக்குள் விழுந்துவிடும்.

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதிக்காரர்களுக்கு இந்தச் சொகுசு இல்லை. அங்கே நின்றவர்கள் 1,033 பேர். தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ததன் விளைவு. டெபாசிட் 250 ரூபாய்தானே! தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போய், வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சானது.

தடுப்புக்குப் பின்னால் நின்ற வாக்காளரை நினைத்துப் பாருங்கள். விரலில் எச்சில் தொட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, உதயசூரியனையோ இரட்டை இலையையோ தேட வேண்டும். பரீட்சை ஹாலில் இப்படிப் புரட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

எண்ணி முடித்தால், 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. "நம்ம வீட்டு ஓட்டு எங்கே போச்சு?" என்று அன்றிரவு எத்தனை அடுப்படிகளில் விசாரணை நடந்ததோ!

அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, டெபாசிட்டை 5,000 ரூபாயாக்கினார்கள். விவசாயிகளின் குறைக்கு அந்தத் திருத்தத்தில் இடமில்லை.