கேட்ஜெட் பன்னிரண்டு, கேள்வி ஒன்று

கேள்வி: எங்கள் குழுவின் ஜிரா டாஷ்போர்டில் கலர் கலராகப் பன்னிரண்டு கேட்ஜெட் வைத்திருக்கிறேன். அப்படியும் மேலாளர் தினமும் போன் போட்டு, "வேலை எந்த அளவில் இருக்கிறது?" என்கிறார். என்ன குறை?

பதில்: வாழை மரம், சீரியல் லைட், நாதஸ்வரம் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டீர்கள். மாப்பிள்ளை எங்கே என்றுதான் அவர் கேட்கிறார்!

பை சார்ட், யார் தலையில் எவ்வளவு பாரம் என்று காட்டும். பாரம் இறங்குகிறதா என்று காட்டாது. அதற்கு, புதிதாக வந்த வேலைகளையும் முடித்தவற்றையும் ஒப்பிடும் வரைபடம் இருக்கிறது. வந்தது மிஞ்சினால் சிவப்பு, முடித்தது மிஞ்சினால் பச்சை. அதை மேலே வையுங்கள். கெடு தாண்டியவற்றின் பட்டியலைக் கீழே வையுங்கள். மற்ற கேட்ஜெட்களைத் தயங்காமல் தூக்குங்கள். (சிவப்பைப் பார்த்தால் போன் இன்னும் கூடுமே என்கிறீர்களா? அது வேறு பிரச்சினை.)

இன்னொன்று. டாஷ்போர்டை அவரோடு பகிர்ந்தீர்கள், சரி. அதற்கு அடியில் இருக்கும் ஃபில்டரை? அதைத் தனியாகப் பகிர வேண்டும். இல்லையென்றால் உங்கள் கைவண்ணம் அவர் திரையில் தெரியவே தெரியாது. முதலில் அதைச் சரிபாருங்கள். அப்புறமும் போன் வந்தால், மனிதருக்குப் பேச்சுத்துணை தேவைப்படுகிறது. அதற்கு ஜிராவில் கேட்ஜெட் கிடையாது.