தண்ணீருக்குள் பட்டா

மீன் வளர்த்தால் ரத்தக் கொதிப்பு இறங்கும் என்று எழுதுகிறவர்கள் கப்பி வளர்க்கிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். சிக்லிட் வளர்க்கிறவனுக்கு நிம்மதி வேண்டுமென்றால், தொட்டியை விட்டு எழுந்து போய் டி.வி.யில் அரசியல் விவாதம் பார்க்கலாம். அங்கே விளம்பர இடைவேளையாவது உண்டு.

ஏஞ்சல், ஆஸ்கார், வாஸ்து மீன் என்று ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்ட பிளவர்ஹார்ன், கேரளத்தில் வாழையிலைக்குள் வேகும் கரிமீன், எல்லாமே சிக்லிட் குடும்பம்தான். நான் பிடித்தது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிக் கிளை. நிறம் ஒரு காரணம். உண்மையான காரணம் எங்கள் வீட்டு போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது, கீசர் வருஷம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும். அமேசான் மீன்களுக்குப் பிடித்தது மென்மையான தண்ணீர். மலாவி ஏரியோ காரத் தண்ணீர், பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும். எங்கள் போரைப் பார்த்து முகம் சுளிக்காத ஜீவராசி இது ஒன்றுதான்.

நாலடித் தொட்டி, 250 லிட்டர். கல்லை முதலில் அடிக்கண்ணாடிமேல் உட்கார வைத்து, அப்புறம்தான் மணல் கொட்ட வேண்டும். மணல்மேல் கல்லை வைத்தால் இந்த மீன்கள் அடியில் தோண்டியே மலையைச் சாய்த்துவிடும். கல் அடுக்கியாயிற்று, பில்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. மீன்தான் இல்லை.

இருக்கவும் கூடாது. மீன் விடுகிற அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது வாராவாரம் தண்ணீர் மாற்றினால் தீர்ந்துபோகிற தொல்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அவற்றுக்குச் சாப்பாடு வேண்டுமே! தினமும் காலையில் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறுந்தண்ணீரில் தூவினேன். அது அழுகி அம்மோனியா கொடுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியில் மூக்கு ஒட்ட வெகுநேரம் தேடிவிட்டு, “ரொம்பச் சின்ன வகையோ?” என்றார். பாக்டீரியா என்றேன். “அதுக்கு மோட்டார் வேறயா?” என்று கேட்டுவிட்டு, என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ராத்திரியில் பரிசோதனை. கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர், மேலே சொட்டு மருந்து, மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. குழாயை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து நான் நிறம் பார்ப்பதை அம்மா கவனித்துவிட்டாள்.

“யாருக்குடா சுகர்?”

“தண்ணிக்கும்மா.”

அன்றிலிருந்து எனக்குக் காபியில் சர்க்கரை கிடையாது.

பச்சை மறைந்து, நைட்ரைட்டின் ஊதாவும் மறைந்த வாரம் கொளத்தூர் போனேன். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். எனக்குத் தெரிந்த நியாயப்படி புதுத் தொட்டியில் மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். கடைக்காரர் சிரித்தார். “மலாவிய அப்படி விட்டா, மொதல்ல போனவன் மொத்தத்தையும் வளைச்சுப் போட்டுடுவான் சார். குட்டியா பதினஞ்சு எடுத்து ஒண்ணா விடுங்க. எவன அடிக்கிறதுன்னு அவனுக்கே தெரியாது.” வியாபாரத் தந்திரம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அனுபவஸ்தர்கள் சொல்வதும் இதுதான்: ஒருவன் கோபத்தைப் பதினைந்து பேருக்குப் பங்கு போட்டால் யாரும் சாக மாட்டார்கள். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருப்பது உசிதம். வெறுந்தொட்டிக்குத் தீனி போட்டது இந்த ஒரு நாளுக்காகத்தான்.

கவர்களை மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, விளக்கை அணைத்து, வலையால் ஒவ்வொன்றாக இறக்கினோம். காலையில் பார்த்தால் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் முடிந்திருந்தது. இடது பொந்து மஞ்சள் லேப் என்கிற வகைக்கு. நடுப்பாறை நீலக்கோடு போட்டவனுக்கு. பில்டர் குழாய்க்குப் பின்னால் நிலமற்ற ஏழைகள் இருவர். எல்லை மீறினால் துடுப்பை விரித்து, வாலை வளைத்து, பக்கவாட்டில் நின்று ஒரு நடுக்கம். அதற்கும் மசியாதவன் வாலில் கடிபடுவான்.

எப்படியோ பழகிக்கொண்டார்கள். அப்போதுதான் மச்சான் அன்பளிப்போடு வந்தார். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடுகள், பொம்மை மாதிரி ஓர் ஆராட்டஸ் குட்டி. அந்த ஏரியின் அசல் ரவுடிகளில் அது ஒன்று. மச்சானிடம் மீனைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. குடியேறிய தொட்டியில் புது ஆளை விடுவதற்கு ஒரு வழி உண்டு: கற்கள் அத்தனையையும் கலைத்து வேறு மாதிரி அடுக்க வேண்டும். ஒரே நிமிடத்தில் எல்லார் பட்டாவும் ரத்து. மலங்க மலங்க விழித்த பழையவர்களுக்கு நடுவே புதியவன் சத்தமில்லாமல் பெரிய பொந்துக்குள் போய்விட்டான். ஆராட்டஸில் ஆண் தலையெடுத்தால் மஞ்சள் போய் உடம்பு கறுத்துவிடும். அடுத்த முறை மச்சான் வந்தபோது, “நான் குடுத்த மஞ்சக்குட்டி எங்க மாப்ள?” என்றார். கறுப்பாக ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரையே முறைத்துக்கொண்டிருந்தது.

சமீபத்தில் மஞ்சள் லேப் பெண் ஒன்று தீனியைத் தொடவில்லை. தாடை புடைத்திருந்தது. முட்டையை வாய்க்குள் வைத்துக்கொண்டு மூன்று வாரம் போலப் பட்டினி கிடந்து குஞ்சு பொரிக்கும் ஜாதி என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

“இது என்ன அதிசயம்? எங்க ஊரு ஏரியில ஜிலேபியும் அப்படித்தான். ஆளு நெழல் பட்டா குஞ்செல்லாம் ஆத்தா வாய்க்குள்ள ஓடிடும்” என்றாள்.

ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிக்லிட்தான், இந்தியாவுக்குள் விட்டதே 1952-ல்தான் என்றேன். அம்மா முதன்முறையாகத் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப இதுவும் அந்த அளவுக்கு வளருமா?”

“இல்லம்மா. நாலு அங்குலம், அவ்வளவுதான்.”

நாற்காலியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டாள்.