மருமகன்ட வகுத்துக் காத்து

என்ன மருமகன், திருச்சிலுவைத் திருவிழா முடிஞ்ச கையோட வகுத்தைத் தடவிக்கிட்டு வந்திரிக்காய்? கேஸ் எண்டுதானே சொல்லப் போறாய்? நம்மட சொறிக்கல்முனையில கேஸ் இல்லாத ஆள் எண்டா அது செத்த ஆள்தான்.

நேத்து நீ திண்டதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன். கிட்டங்கியால வந்த கல்முனைக் கூட்டாளிமார் ஆறுதலா மெண்டு திண்டாங்க. நீ மெல்லவே இல்ல. அவதிப்பட்டு விழுங்கினா சோத்தோட காத்தும் இறங்கும். அதுக்கு மேல சோடா. போத்தலுக்குள்ள அமுக்கி வச்ச காத்தைக் காசு குடுத்து வாங்கி உள்ளுக்க விட்டுட்டு, ஏன் ஊதுது எண்டு என்னட்டக் கேக்காய்.

பின்னேரம் ஒரு சுண்டு கடலையும் தனிய முடிச்சாய். கடலையில இரிக்கிற ஒரு வகைச் சீனியை நம்மட சிறுகுடலால உடைக்க ஏலா. அது அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்க குடியிருக்கிற கிருமியள் அதைப் புளிக்க வச்சி ஐதரசன், காபனீரொட்சைட்டு, சில பேருக்கு மெதேன் எண்டு காத்தாக்கி விடுதுகள். உன்ட மாமி ராவே ஊறப் போட்டு, அந்தத் தண்ணியக் கொட்டிப்போட்டுத்தான் அவிப்பா. சீனியில கொஞ்சம் தண்ணியோடயே போயிரும். நீ கடையில வாங்கித் தின்னு.

பால்மாத் தேத்தண்ணியையும் ரெண்டு கிழமை நிப்பாட்டிப் பாரு. வளந்த ஆக்கள் கனபேருக்குப் பால்ச்சீனி செமிக்கா. எருமைத் தயிர் புளிச்சதால அதில அந்தச் சீனி குறைவு. குறையாட்டியும் நான் விடமாட்டன், அது வேற கதை.

பாமசியில ஒமெப்ரசோல் வாங்கிப் போட்டாயாம். அது அமிலத்தைக் குறைக்கிற குளிசை, காத்தைப் பத்தி அதுக்கென்ன தெரியும்? திண்டோடன சாயாம வயல் வரம்பில நடந்திட்டு வா. மலம் இறுகிக் கிடந்தாலும் வகுறு ஊதும், தண்ணி குடி.

ஆனா நெஞ்சை அமத்தி, வேர்த்து, இடக்கை உளைஞ்சா கேஸ் எண்டு ஓமத்தண்ணி குடிச்சிக்கிட்டு இரிக்காத. 1990க்கு அடி, சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேக்காது. ஊதல் விடாம நிண்டு, உடம்பு மெலிஞ்சாலோ மலத்தில ரத்தம் கண்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போ. அம்பது வயசு தாண்டின பொம்பிளையளுக்குப் புதுசா ஊதல் துவங்கிக் கிழமைக்கணக்கா நிண்டா, சூலகத்தையும் சோதிக்கச் சொல்லோணும். கசிப்பு அடிக்கிறவனுக்கு வகுறு ஊதினா அது காத்தில்ல, ஈரல் கெட்டு நீர் கோத்ததாயும் இரிக்கலாம்.

உன்னைச் சொல்லல்ல மருமகன், ஏன் முழிக்காய்?